வெட்கப்படும் வண்டி

வண்டிக்கு வெட்கம் வரும் என்று பன்னிரண்டு வயது வரை அவள் உண்மையாகவே நம்பியிருந்தாள். எல்லாம் தாத்தா சொன்னதுதான். சாவியைச் செருகியதும் அவர் தொண்டையைச் செருமுவார்.

"எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்புங்க. பத்து எண்ணுங்க. ஸ்டார்ட் ஆகறப்போ யாரும் பாக்கக் கூடாது. அதுக்கு வெட்கம்."

காரில் ஏறியவர் யாராக இருந்தாலும் விதிவிலக்கு கிடையாது. பெற்ற மகன்கள் திரும்பினார்கள். மருமகள்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார். பிரசவ வலியோடு பின் சீட்டில் படுத்திருந்த பக்கத்து வீட்டு அம்மாவும் எண்ணித்தான் ஆக வேண்டியிருந்தது. பாவம், ஆறிலேயே அலறிவிட்டார். தாத்தா பதறாமல், "மறுபடி ஒண்ணுலேர்ந்து" என்றார்.

தாத்தாவுக்கு பஸ் டிப்போவில் டைம் கீப்பர் வேலை. வாசலை ஒட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று முப்பத்தோரு வருடம் எழுதினார். பஸ் எதையும் ஓட்டியதில்லை. ஆனால் எந்த பஸ்ஸுக்குக் கிளட்ச் தேய்ந்திருக்கிறது, எதற்கு இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் தலையை நிமிர்த்தாமலே சொல்வார். சத்தமே போதும் அவருக்கு.

அந்த முப்பத்தோரு வருடத்தில் ஒரே ஒரு கரும்புள்ளி. ஒரு நாள் காலை காக்கிச் சட்டை போட்ட ஒருவன் விசிலடித்துக்கொண்டே டிப்போவுக்குள் வந்தான். ஒரு பஸ்ஸில் ஏறினான், ஸ்டார்ட் செய்தான், வாசலில் தாத்தாவுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு வெளியே போனான். தாத்தாவும் பதிலுக்குக் கையை உயர்த்தி, பதிவேட்டில் '9.42' என்று அழகான எழுத்தில் எழுதினார். அந்த பஸ் மூன்று நாள் கழித்துப் பக்கத்து ஊர் மைதானத்தில் அநாதையாகக் கிடைத்தது. அதில் ஏறியவன் கிடைக்கவே இல்லை. திருடனுக்கே நேரம் குறித்துக் கொடுத்தவர் என்ற பெயர் மட்டும் தாத்தாவுக்கு நிலைத்துவிட்டது.

வேலை பார்த்த கடைசி வருடங்களில், ஊரை விட்டுப் போன ஒரு டாக்டரிடமிருந்து ஒரு பழைய காரை வாங்கினார். சின்னக் கார், நான்கு கதவு. நீலமா பச்சையா என்று இன்று வரை வீட்டில் தீர்ப்பாகவில்லை. அன்றாடம் காலையில் கழுவுவார், துடைப்பார், டயரை விரலால் தட்டிக் கேட்பார். ஓட்டுவது என்னவோ வாரத்துக்கு இரண்டு முறைதான். அதுவும் மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டாமல். தெருவில் அவருக்கு 'முப்பது' என்றே பெயர். "முப்பது கிளம்பிட்டாரு, ரோடைக் கடக்கறவங்க நிதானமாக் கடங்க" என்று மளிகைக்கடைக்காரர் குரல் கொடுப்பார்.

பக்கத்து சீட் பேத்தியினுடையது. கையில் ஒரு துணியோடு உட்கார்ந்து, கண்ணாடியில் ஆவி படிந்தால் துடைப்பது, பின்னால் வருகிறவர்கள் திட்டினால் என்ன திட்டினார்கள் என்று எடுத்துச் சொல்வது, இரண்டும் அவள் பொறுப்பு. லாரிகளில் டிரைவருக்கு உதவியாக வருகிறவனைப் போல அவளையும் 'கிளீனர்' என்றே கூப்பிட்டார். நாளடைவில் வீடு முழுக்க அவள் கிளீனர்தான்.

முப்பதில் ஊர்ந்த அந்த வண்டி எப்படியோ அவளுக்குள் ஒரு பேயைக் கிளப்பிவிட்டிருந்தது. இருபத்தைந்து வயதில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டாள். ஒரு முதுகுப்பையோடு கிளம்பி, மூன்று வருடம் லாரி, ஜீப், சரக்கு வேன் என்று கிடைத்ததில் எல்லாம் ஏறி நாடு நாடாகச் சுற்றினாள். போன இடத்திலிருந்தெல்லாம் தாத்தாவுக்குப் போன் செய்து, எதில் வந்தாள், எத்தனை கிலோமீட்டர் என்று ஒப்பிப்பாள். மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்கும்.

"நம்ம வண்டி எப்படி தாத்தா இருக்கு?"

"அதுக்கென்ன, ராஜா மாதிரி. இன்னிக்குக் கூட ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வந்தோம்."

அவர் போன செய்தி வந்தபோது அவள் ஒரு மலைப்பாதையில், சக்கரம் புதைந்த லாரியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஷெட்டில் வண்டி மட்டும் நின்றது, நான்கு டயரிலும் காற்றில்லாமல்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் வேலை மாற்றலில் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டதால் வீடு சித்தப்பாவின் பொறுப்பில் இருந்தது. சித்தப்பா புதுக் கார் ஒன்று வாங்கியிருந்தார். வெள்ளை நிறம். ஷெட் காலியாக இல்லாததால் அது தெருவில் மரத்தடியில் நின்றது. அந்த மரத்தில் குடியிருந்த பறவைகள் ஒன்று பாக்கியில்லாமல் அதன்மேல் கைவரிசையைக் காட்டியிருந்தன. சித்தப்பா காலையும் மாலையும் வாளியோடு ஓடுவதைப் பார்த்தால் தாத்தாவே பரவாயில்லை என்று தோன்றும்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரர் வர்றாரு" என்றார் சித்தப்பா, அவள் வந்து இரண்டாம் நாள். "வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போயிடுவாரு."

"நம்ம வண்டியையா?"

"ஓடாத வண்டி என்னம்மா நம்ம வண்டி?"

"ஓடிக்கிட்டுத்தானே இருந்துது! ஏரிக்கரைக்குப் போனதா தாத்தா போன்ல சொன்னாரே?"

"ஏரிக்கரையா? எட்டு மாசமா அது ஷெட்டை விட்டு ஒரு அடி நகரல. கேட்டா, எஞ்சினுக்கு ஓய்வு குடுக்கறேன்னுவாரு. தினம் சாயங்காலம் உள்ள போய் உக்காருவாரு. சீட்டைத் தடவுவாரு, கதவைத் தடவுவாரு, கூரையைத் தடவுவாரு. பாசம்னு விட்டுட்டோம்."

தாத்தா அவளிடம் பொய் சொன்னார் என்பதை அவளால் விழுங்க முடியவில்லை. "ஓட வெச்சுக் காட்டறேன்" என்று வாயை விட்டாள்.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பத்து மணிக்குள்ள இது கேட்டைத் தாண்டட்டும். வண்டியும் உனக்கு, ஷெட்டும் உனக்கு. என் காரு மரத்தடியிலயே கிடக்கட்டும்."

சனிக்கிழமை காலையில் தெருமுனை மெக்கானிக்கை அழைத்து வந்தாள். ஊருக்கு அவர் ஸ்பானர் அண்ணன். இருபது வருடமாக அந்தக் காரின் பானெட்டைத் திறந்து பார்க்க ஏங்கிக்கொண்டிருந்தவர். பெரியவர் அவரைக் கிட்டவே சேர்த்ததில்லை. ஷெட்டுக்குள் காலடி வைத்ததும் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார்.

டயருக்குக் காற்றடித்தார். புது பேட்டரி வைத்தார். பழைய பெட்ரோலை வடித்துப் புதுசு ஊற்றினார், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், பிளக் நான்கையும் தேய்த்தார். மத்தியானம் சாவியைத் திருப்பினார்கள். எஞ்சின் கர் கர் என்று சுற்றியதே தவிரப் பற்றவில்லை. எட்டு தடவை திருப்பியும் அதே கர் கர்.

அண்ணன் ஒரு பல்பும் ஒயருமாக உள்ளே குனிந்து வெகுநேரம் எதையோ தேடினார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"தங்கச்சி, சாவிலேர்ந்து கரண்ட் கிளம்புது. காயிலுக்குப் போய்ச் சேரல. காயிலுக்குக் கரண்ட் போகலேன்னா பிளக் பொறி தட்டாது. நடுவுல எவனோ உக்காந்து வாங்கிக்கிறான்."

"எவன்?"

"சுவிட்ச். திருடனுக்காக வெக்கிற சுவிட்ச். ரகசியமா ஒரு எடத்துல வெச்சுடுவாங்க. அதைத் தட்டாம நீ நாள் பூரா சாவியைத் திருப்பினாலும் கர் கர்தான். பெரியவர் வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி எதையாவது தட்டுவாரா? நீ பக்கத்துலயே உக்காந்திருப்பியே, பாத்திருப்பியே?"

இருபது வருடம் அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இருபது வருடமும் சரியாக அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிப் பத்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வெட்கமாம்!" என்றாள்.

"என்னது?"

"வண்டிக்கு வெட்கம்னு சொல்லி எல்லாரையும் திரும்பச் சொல்லுவாரு அண்ணே."

ஸ்பானர் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பம்பர்மேல் உட்கார்ந்துவிட்டார். "பஸ்ஸைத் தொலைச்ச மனுஷன்! இந்தத் தகர டப்பாவைத் திருட வர்றவனுக்கு நாமதானேய்யா டிபன் வாங்கிக் குடுத்து அனுப்பணும்!"

சிரித்து முடித்ததும் தேடினார்கள். டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் கிடைத்தது. தட்டினால் வைப்பர் ஆடியது. பின் சீட்டுக்குப் பின்னால் இன்னொன்று. அதைத் தட்டினால் ஹார்ன் அடித்து, நிற்கவே மறுத்தது. மூன்றாவது சுவிட்சுக்குப் பின்னால் ஒயரே இல்லை. வருகிறவனை ஏமாற்றுவதற்காகவே வைத்தது. ஒயரைப் பின்தொடர்ந்து போகலாம் என்றால், எல்லா ஒயருக்கும் ஒரே கறுப்பு நிறம். இருபத்தைந்து வருட இன்சுலேஷன் டேப் கயிறாகத் திரண்டிருந்தது.

"இதைப் பிரிச்சு மேய நாலு நாள் ஆகும்" என்றார் அண்ணன். "எதுக்கு வம்பு? பேட்டரிலேர்ந்து காயிலுக்கு நேரா ஒரு ஒயரைப் போட்டுடறேன். அஞ்சு நிமிஷம்."

"அதெல்லாம் செல்லாது!" வாளியோடு போய்க்கொண்டிருந்த சித்தப்பா ஷெட் வாசலில் நின்றுவிட்டார். "சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணணும். ஒயரைக் கடிச்சு ஓட்டறது திருடன் வேலை. எங்கப்பா வண்டியை அப்படி எடுக்க விட மாட்டேன்."

இரும்புக்காரரிடம் போட அவருக்கு மனம் வந்தது, ஒயரைப் போட வரவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது நியாயம் என்று அவளுக்கே பட்டது. தாத்தா காலமெல்லாம் எதற்குப் பயந்தாரோ அதையே செய்து அவர் வண்டியை எடுப்பதா?

அண்ணன் போன பிறகு அவள் தன் பழைய சீட்டில் உட்கார்ந்து டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தாள். எதிர்பார்த்தபடியே உள்ளே வண்டி நோட்டு இருந்தது. டிப்போ பழக்கம் விடாமல் ஒவ்வொரு பயணத்தையும் அவர் அதில் எழுதிவைத்திருந்தார். போன நேரம், வந்த நேரம், தூரம், ஹார்ன் அடித்தது எத்தனை முறை, கடைசியில் 'முந்தியவர்கள்' என்று ஒரு பத்தி. 'கார் 14, சைக்கிள் 6, உடற்பயிற்சிக்காக ஓடியவர் 1.' வருடத்துக்கு ஒரு முறை சிவப்பு மையில் 'இடம் மாற்றப்பட்டது' என்று வந்தது. எங்கே என்று இல்லை. நோட்டும் திருடன் கையில் சிக்கலாம் அல்லவா? கடைசிச் சிவப்பு வரியின் தேதி, அவள் ஊரை விட்டுக் கிளம்புவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. அடுத்த வருடமே எழுபத்தெட்டு வயதாகிவிட்டதால் மாற்றுகிற சிரமம் வேண்டாம் என்று விட்டிருப்பார்.

அப்புறம் 'இடுப்பு வலி, ஆஸ்பத்திரி, நாற்பது நாள்' என்று ஒரு வரி. அதற்கடுத்த பக்கம் வேறு மாதிரி இருந்தது.

'ஸ்டீயரிங் பின்புறம். இல்லை.'

'கூரைத் துணி ஓரம். இல்லை.'

'கதவுக் கைப்பிடி, நான்கும். இல்லை.'

'ஆஷ்ட்ரே. இல்லை. (பழைய பெப்பர்மிண்ட் கிடைத்தது.)'

அவளுக்கு உறைக்கச் சற்று நேரமானது. பிறகு ஒரேயடியாக உறைத்தது. திருடன் கண்டுபிடிக்கக் கூடாது என்று ஒளித்தவர், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது எங்கே ஒளித்தோம் என்பதைத் தானே மறந்துவிட்டார். எட்டு மாதம் தடவியது பாசமில்லை, தேடல்! யாரிடமாவது கேட்டால் மறந்தது தெரிந்துவிடும். சுவிட்ச் இருப்பதும் தெரிந்துவிடும். எஞ்சினுக்கு ஓய்வாம்!

சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினாள். தேடலுக்கு இடையிடையே வழக்கம்போலப் பயணங்கள் இருந்தன. தேதி, வாகனம், தூரம். 'கிளீனர், உப்பு லாரி, 212 கி.மீ.' 'கிளீனர், ஆட்டுக்குட்டிகளோடு வேன், 90 கி.மீ.' போனில் அவள் ஒப்பித்ததெல்லாம் ஒன்று விடாமல் இருந்தது. 'முந்தியவர்கள்' பத்தியில் மட்டும், 'கேட்க மறந்தேன். அடுத்த முறை கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தார். தூரத்தையெல்லாம் கூட்டி வண்டியின் கணக்கிலேயே சேர்த்திருந்தார். ஷெட்டில் நின்ற வண்டி அந்த எட்டு மாதத்தில் பதினோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது.

அவள் பெட்டிக்குள் கிடந்த தன் பழைய துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணாடியில் ஆவி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே பழைய இரும்புக்காரரின் இழுவை வண்டி வந்து வாசலை அடைத்துக்கொண்டது. பெரிய தொந்தியும் அதைவிடப் பெரிய கொக்கியுமாக இறங்கினார். சித்தப்பா சலவைச் சட்டையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஸ்பானர் அண்ணன் டீ டம்ளரோடு வந்து சேர்ந்தார், வேடிக்கை பார்க்க.

கிளீனர் ஷெட்டுக்குள் உட்கார்ந்து தாத்தாவின் பட்டியலை நான்காவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஸ்டீயரிங். கூரை. கைப்பிடி. ஆஷ்ட்ரே. சீட்டின் தலைப்பகுதி. முழுப் பக்கத்தையும் ஒருசேரப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. எல்லாமே நிமிர்ந்து உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் இடங்கள்.

"சித்தப்பா! தாத்தாவுக்கு இடுப்புல பெல்ட் போட்டிருந்தாங்களா?"

"ஆமா, ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து. குனியவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஷூ கூட நான்தான் மாட்டிவிடுவேன். எதுக்குக் கேக்கற? மணி பத்தாகுது."

அப்படியென்றால் அது கீழே இருக்கிறது. குனிந்தால்தான் எட்டும் இடத்தில். அந்தக் கடைசிப் பயணம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஊரை விட்டுக் கிளம்பிய அன்று தாத்தாதான் அவளைப் பஸ் ஏற்றிவிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி, இருபத்தைந்து வயதுக் கழுதை, ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். வெள்ளையாக ஏதோ நழுவுவது ஜன்னல் கண்ணாடியில் நிழலாகத் தெரிந்தது. தாத்தாவின் கைக்குட்டை. சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே விழுந்தது. முனகிக்கொண்டே குனிந்து எடுத்தார். கை நடுங்குகிறது, வயசாகிவிட்டது என்று அன்று நினைத்தாள். பிரிவு வேறு, அழுகை வேறு வந்தது. கிழவர் நடிப்பில் சக்கைப்போடு போட்டிருக்கிறார்.

அவள் டிரைவர் சீட்டுக்கு மாறி உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க. பத்து எண்ணுங்க."

இரும்புக்காரர் கொக்கியோடு முழித்தார். "நான் எதுக்கு சார் திரும்பணும்?"

"வண்டிக்கு வெட்கம்" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து தானாக விழுந்திருந்தது. காது சிவக்க, முதல் ஆளாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஸ்பானர் அண்ணன் டம்ளரோடு திரும்பினார். இரண்டு பேர் திரும்பி நிற்கும்போது தான் மட்டும் பார்த்தால் நன்றாக இருக்காது என்று இரும்புக்காரரும் திரும்பினார். மூன்று ஆண்பிள்ளைகள் சுவரைப் பார்த்தபடி, "ஒண்ணு… ரெண்டு…" என்று ஆரம்பித்தார்கள்.

அவள் துணியை நழுவவிட்டாள். குனிந்தாள். சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். தண்டவாளம் மாதிரி ஒரு கம்பி, தூசி, ஒரு பெப்பர்மிண்ட். இன்னும் உள்ளே. ஒன்றுமில்லை.

"பத்து" என்றார்கள் மூவரும். "திரும்பலாமா?"

"ஒரு நிமிஷம்!"

"மறுபடி ஒண்ணுலேர்ந்து" என்றார் சித்தப்பா, சுவரைப் பார்த்தபடியே, அச்சு அசல் தாத்தாவின் குரலில்.

இந்த முறை மணிக்கட்டைத் திருப்பிக் கம்பிக்குப் பின்பக்கம் தடவினாள். பட்டன் அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. டிக். நிமிர்ந்து சாவியைத் திருப்பினாள். கர், கர், கர். ஒரு இருமல். பின்னாலிருந்து பட்டாசு மாதிரி ஒரு வெடி. ஏழு எண்ணிக்கொண்டிருந்த மூன்று பேரும் ஒன்றாகத் துள்ளினார்கள். அண்ணனின் டீ இரும்புக்காரரின் தொந்தியில் இறங்கியது. எட்டு மாதப் புகை மொத்தமும் சித்தப்பாவின் சலவைச் சட்டையில் குடியேறியது. எஞ்சின் ஒருமுறை குலுங்கி, பிறகு கிழவர் தூங்கும்போது விடும் குறட்டை போல நிதானமாக ஓட ஆரம்பித்தது.

"ஓடுதுடா சாமி!" என்று கத்தினார் அண்ணன்.

சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். பத்துக்கு மூன்று நிமிடம் இருந்தது. போய் கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு, இரும்புக்காரரிடம், "வண்டியை நகத்துங்க. எங்க வண்டி வெளிய போகணும்" என்றார்.

இழுவை வண்டி ஒதுங்கியது. கார் முதல் கியரில் அடிமேல் அடி வைத்து கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது. மளிகைக்கடைக்காரர் வாசலுக்கு ஓடி வந்தார். "முப்பது கிளம்பிடுச்சு!"

சித்தப்பா விடவில்லை. ஜன்னலோடு சேர்ந்து நடந்து வந்தார். "எங்க இருந்துது சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"நான் அவர் புள்ளைடி! இருபத்தஞ்சு வருஷமா ஜன்னலைப் பாத்து எண்ணியிருக்கேன்!"

"திருடன் காதுல விழும் சித்தப்பா."

"எந்தத் திருடன்? தெருவுல நீயும் நானும்தான் இருக்கோம்!" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்துபோய்விட்டார். தெருமுனை வரை போன பிறகுதான் வீடு பின்னால் இருப்பது ஞாபகம் வந்து நின்றார்.

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி அவள் நோட்டை எடுத்தாள். போன நேரம் 9.58. தூரம் நான்கு கிலோமீட்டர். ஹார்ன் ஒரு முறை. கடைசிப் பத்திக்கு வந்ததும் பேனாவைக் கடித்தபடி கொஞ்சம் யோசித்து, ஒன்றையும் மறைக்காமல் எழுதினாள்.

'முந்தியவர்கள்: சைக்கிள் 2, பழைய இரும்பு வண்டி 1, சித்தப்பா 1. நடந்து.'